ஆறும் காயம்

தமிழில் காயம் என்னும் சொல்லுக்கு உடம்பு என்பதும் பொருள். உடம்பில் பட்ட புண் என்பதும் பொருள். இவ்விரண்டும் ஒரே சொல்லில் வந்து கூடியதற்கு மொழிநூலார் என்ன காரணம் கூறினும் கூறுக. உடம்பெடுத்தவர் எவரும் புண்படாமல் வாழ்ந்து முடித்ததில்லை என்ற அனுபவ ஞானத்துக்கு அந்தச் சேர்க்கை பொருத்தமாகவே இருக்கிறது. இதனோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு சொல் ஆறுதல். கொதித்த பாலும் ஆறுகிறது. மூண்ட கோபமும் ஆறுகிறது. பட்ட புண்ணும் ஆறுகிறது. சூடு தணிவதற்கும் புண் குணமாவதற்கும் நம் முன்னோர் ஒரே வினையை வழங்கியது வெறும் சொல்லலங்காரமன்று. புண்ணுக்குள் மெய்யாகவே ஒரு சூடு மூண்டு, தன் காரியத்தை முடித்துக்கொண்டு தணிகிறது என்பதைச் சரீர சாஸ்திரம் விளக்கிக் காட்டியிருக்கிறது.

எனக்குப் பத்து வயதிருக்கும். பொங்கலுக்கு முதல்நாள், கூடத்து மூலையில் சாத்தியிருந்த கரும்பை யாரும் பாராத வேளையில் துண்டு போட முயன்றபோது, கணுவில் வழுக்கிய அரிவாள் என் இடக்கைச் சுட்டுவிரலில் இறங்கிவிட்டது. ரத்தத்தைக் கண்டதும் வீடே கூடிவிட்டது. ஒருவர் காப்பிப்பொடி கொண்டு வந்தார்; ஒருவர் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்துக்கொண்டு வந்தார்; திண்ணையில் இருந்த பெரியவர் ஒட்டடையை எடுத்து அப்பச் சொன்னார். அத்தை ஒருத்திதான் இவற்றில் எதையும் ஏற்காமல், என்னைக் கிணற்றடிக்கு இழுத்துச் சென்று, வாளித் தண்ணீரைச் சொரிந்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெளுத்து வந்த பழைய வேட்டியைக் கிழித்து இறுகச் சுற்றி, “கையைத் தூக்கிப் பிடிடா, தொங்க விடாதே, அது தானே நிற்கும்” என்றாள். அவள் சொன்னபடியே ரத்தம் சற்று நேரத்தில் நின்றது. பன்னிரண்டு நாளில் புண்ணும் ஆறியது. அந்தத் ‘தானே’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை காவலர்களும் கொத்தர்களும் நெசவாளர்களும் ஒளிந்திருந்தார்கள் என்பது, பல ஆண்டுகள் கழித்துப் படித்தறிந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

அரிவாள் பிளந்த தோலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வளர்ந்த மனிதன் ஒருவனின் தோலை விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 2 சதுர மீட்டர் வரும். அதன் மேற்படலம் உயிரற்ற செதில்களால் வேயப்பட்டது. அடியில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மேலேறி, மேற்பரப்பை எட்டுவதற்குள் உயிர் நீத்துத் தட்டையாகி, கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, சுமார் நான்கு வாரங்களில் உதிர்ந்து போகின்றன. ஒட்டிக்கொண்ட கிருமியும் அச்செதிலோடு உதிர்கிறது. தோல் மூட முடியாத வாயில்களுக்கோ தனித்தனிக் காவல் உண்டு: இரைப்பைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுவாசக் குழாய்க்குச் சளியும் அதை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களும், கண்ணுக்குக் கண்ணீர். கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் சில கிருமிகளைக் கரைத்துவிடும் பொருள் ஒன்று இருப்பதை 1922-இல் லண்டனில் வெளியிட்டு, அதற்கு லைஸோஸைம் என்று பெயரிட்டவர், பின்னாளில் பெனிசிலினால் உலகப் புகழ் எய்திய அலெக்ஸாண்டர் பிளெமிங். ஆராய்ச்சிக்கு வேண்டிய கண்ணீரை அவரும் அவருடைய உதவியாளரும் தங்கள் கண்களில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தே வரவழைத்தார்கள்.

மதிலில் பிளவு விழுந்ததும் உடம்பு முதற்கண் கவனிப்பது உதிரப் போக்கை. வெட்டுண்ட நாளங்கள் சில விநாடிகளில் தாமே சுருங்குகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை மிதந்து திரியும் தட்டணுக்கள், நாளத்தின் உட்சுவர் கிழிந்து அடிநார் வெளிப்பட்டிருப்பதைத் தீண்டிய மாத்திரத்தில் தம் வழவழப்பை விட்டு முள்முள்ளாக உருமாறி, அங்கேயே ஒட்டி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஏரிக்கரை உடைப்பில் மணல்மூட்டைகளை அடுக்கியதுபோல ஓர் அவசர அடைப்பை உண்டாக்குகின்றன. மணல்மூட்டை மட்டும் வெள்ளத்தைத் தாங்காது. ஆகவே, ரத்த நீரில் கரைந்து கிடக்கும் பைப்ரினோஜன் என்னும் புரதம் பைப்ரின் என்னும் நூலாக இழையோடி, அந்த அடைப்பின்மீது வலை பின்னுகிறது. வலையில் சிவப்பணுக்கள் சிக்க, ரத்தம் உறைகிறது. பின்பு அது உலர்ந்து பொருக்காகிறது.

இந்த நூல் எளிதில் இழையோடிவிடுவதில்லை. ஒரு காரணி விழித்து அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, தலைவாயில் முதல் கருவூலம் வரை காவலாளிகள் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பதுபோல அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. விஞ்ஞானிகள் இக்காரணிகளுக்கு ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்ணிட்டு, ஆறாம் எண்ணைப் பின்னர் நீக்கிவிட்டார்கள். இத்தனை சுற்று எதற்கு என்றால், வேண்டாத இடத்தில் ரத்தம் உறைந்தால் அதுவே மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணமாகிவிடும். ஆனால், சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் ஆபத்துதான். விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டுக்குப் பிறவியிலேயே அப்படி ஒரு குறை இருந்தது. 1884-இல் கால் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட அவர், முப்பது வயதில் உயிர் துறந்தார்.

ரத்தம் நின்ற பிறகே சூடு மூளுகிறது. புண்ணின் ஓரம் சிவக்கிறது, வீங்குகிறது, காய்கிறது, வலிக்கிறது. இந்த நான்கு குறிகளையும் ரோமாபுரியின் செல்ஸஸ் என்னும் ஆசிரியர் முதல் நூற்றாண்டிலேயே வரிசைப்படுத்தி எழுதிவைத்தார். நெடுங்காலம் மக்கள் இதனையே நோயென்று எண்ணி அஞ்சினார்கள். உண்மையில், நசுங்கிய திசுக்களும் அங்கே காவலிருக்கும் சில அணுக்களும் ஹிஸ்டமின் முதலிய ரசாயனங்களைக் கசியவிட, சுற்றியுள்ள நுண்நாளங்கள் விரிகின்றன. ரத்தம் மிகுதியாகப் பாய்வதால் சிவப்பும் சூடும் தோன்றுகின்றன. நாளச் சுவர்கள் நெகிழ்ந்து நீர் வெளியேறுவதால் வீக்கம் உண்டாகிறது. அந்த நெகிழ்ச்சியின் வழியாகத்தான் வெள்ளணுக்கள் வெளியே வருகின்றன. ஓடும் ரத்தத்திலிருந்து கரையொதுங்கி, சுவரைப் பற்றி உருண்டு, அணுக்களின் இடுக்கில் உடலை மெலித்து நுழைந்து, புண் இருக்கும் திக்கை வாடைபிடித்துக்கொண்டு ஊர்ந்து செல்கின்றன.

வெள்ளணுக்களின் இந்தப் படையெடுப்பை முதன்முதலில் உட்பொருள் உணர்ந்து கண்டவர் ருஷ்ய நாட்டு விலங்கியல் அறிஞர் எலி மெச்னிகாவ். 1882-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்தார். வீட்டிலுள்ளோர் எல்லாரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட, தனியே நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்த அவருக்கு ஓர் எண்ணம் பளிச்சிட்டது. நட்சத்திர மீனின் இளங்குஞ்சு நீர்போல் தெளிவான உடலுடையது. அதற்குள் ஊர்ந்து திரியும் அணுக்களை வெளியிலிருந்தே காணலாம். அந்த அணுக்கள் காவல் வேலை செய்பவையாயின், உடலில் முள் தைத்தால் அவை அங்கே விரைந்து கூட வேண்டுமல்லவா? தோட்டத்துக்குச் சென்று ரோஜா முட்களைப் பறித்து வந்து, அக்குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகிவிட்டுப் படுத்த அவருக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்து பார்த்தபோது, ஒவ்வொரு முள்ளையும் சுற்றி அணுக்கள் மொய்த்து நின்றன. அந்த ஒரு காலைப்பொழுதில் பிறந்த சித்தாந்தத்துக்காக அவருக்கு 1908-இல் பால் எர்லிக் என்னும் ஜெர்மானியருடன் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

முன்னணியில் வருபவை நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள். எலும்பின் மஜ்ஜை நாள்தோறும் ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோபில்களைப் பிறப்பித்து அனுப்புகிறது. அவற்றின் ஆயுளோ மிகச் சுருக்கம். கிருமிகளை விழுங்கி, தம்முள் வைத்திருக்கும் விஷங்களால் அவற்றைக் கொன்று, தாமும் மடிகின்றன. நாம் அருவருக்கும் சீழ் பெரும்பாலும் இந்த வீரர்களின் சடலங்களே. இரண்டு மூன்று நாட்களில் மாக்ரோபேஜ் என்னும் பெருந்தீனி அணுக்கள் வந்து, இறந்த அணுக்களையும் கிருமிகளையும் சிதைந்த திசுக்களையும் தின்று களத்தைத் துப்புரவு செய்கின்றன. துப்புரவு முடிந்ததும் கொத்தரையும் நெசவாளரையும் வரவழைக்கும் ஆணைகளைப் பிறப்பிப்பவையும் இவையே. அந்த ஆணை பிறந்த பின்தான் சூடு ஆறத் தொடங்குகிறது.

இவ்வளவு நேர்த்தியாக நடக்கும் காரியத்தில் மனிதன் குறுக்கிட்ட வரலாறு நகைப்புக்கும் துக்கத்துக்கும் ஒருங்கே உரியது. பதினாறாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில், துப்பாக்கிக் குண்டு பாய்ந்த புண்ணில் வெடிமருந்தின் விஷம் ஏறியிருக்கிறது என்று நம்பி, கொதிக்கும் எண்ணெயைப் புண்ணில் ஊற்றுவார்கள். 1537-இல் டூரின் நகரை ஒட்டி நடந்த போரில், ஆம்புரோஸ் பாரே என்னும் பிரெஞ்சு இளைஞர் அவ்வாறே சிகிச்சை செய்துகொண்டிருக்கையில் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி முட்டையின் மஞ்சட்கரு, ரோஜாத் தைலம், டர்பன்டைன் ஆகியவற்றைக் கலந்து மிச்சமிருந்தவர்களுக்குத் தடவிவிட்டு, விஷம் ஏறி அவர்கள் மாண்டு போவார்களே என்ற கவலையில் இரவெல்லாம் உறங்காமல் கிடந்தார். விடிந்தும் விடியாததுமாக ஓடிப்போய்ப் பார்த்தால், எண்ணெயால் சுடப்பட்டவர்கள் ஜுரத்திலும் வலியிலும் துடித்துக்கொண்டிருக்க, களிம்பு தடவப்பட்டவர்கள் நிம்மதியாகத் தூங்கி எழுந்திருந்தார்கள். மெச்னிகாவுக்கு ஆவலால் போயிற்று உறக்கம். பாரேக்கு அச்சத்தால் போயிற்று. புண்ணைப் பற்றிய மனித அறிவு இவ்விரு இரவுகளுக்கும் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

புண்ணுக்கு வெளியிலிருந்து வரும் பகைவன் கிருமியே என்று பாஸ்டரின் ஆராய்ச்சியால் தெளிந்த ஜோஸப் லிஸ்டர், 1865-இல் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்த பதினொரு வயதுச் சிறுவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் கட்டி, காலை வெட்டியெறியாமலே குணப்படுத்தினார். ஆயினும் மருந்தின் வீரியம் மிகுந்தால் அது பகைவனையும் காவலனையும் பேதம் பாராமல் கொல்லும். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸின் புலோன் நகரில் காயம்பட்ட சிப்பாய்களிடையே வேலை செய்த பிளெமிங், கடுமையான கிருமிநாசினிகள் ஆழ்ந்த புண்ணின் இடுக்குகளில் ஒளிந்த கிருமிகளை எட்டவில்லை என்பதையும், அங்கே போரிட்டுக்கொண்டிருந்த வெள்ளணுக்களைத்தான் அழித்தன என்பதையும் எடுத்துக் காட்டினார். காப்பிப்பொடியையும் சுண்ணாம்பையும் விலக்கிய என் அத்தை பிளெமிங்கின் பெயரையும் கேட்டவளல்லள். ஆயினும் இருவர் கொள்கையும் ஒன்றுதான்.

களம் சுத்தமான பிறகு கட்டுமானம் தொடங்குகிறது. நாராக்க அணுக்கள் புண்ணுக்குள் புகுந்து, கொலாஜன் என்னும் நாரை நெய்து நிரப்புகின்றன. அவற்றுக்கு ஆகாரம் கொண்டு செல்லப் புதிய நுண்நாளங்கள் முளைவிட்டுக் கிளைக்கின்றன. பொருக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும் குழந்தையின் கண்ணில் படும் செக்கச்செவேலென்ற குறுணை போன்ற சதை இதுதான். மேலே, புண்ணின் விளிம்பிலிருக்கும் தோலணுக்கள் இரு கரைகளிலிருந்தும் நடுநோக்கி ஊர்ந்து வந்து, ஒன்றையொன்று தொட்டதும் ஊர்வதை நிறுத்திவிடுகின்றன. இவ்வூர்தலுக்கு ஈரம் வேண்டும். புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்துவதே நல்லது என்ற பழைய நம்பிக்கையை, ஜார்ஜ் விண்டர் என்பவர் 1962-இல் பன்றிகளின் தோலில் செய்த சோதனையால் அசைத்தார்: மெல்லிய பாலிதீன் தாளால் மூடி ஈரம் காத்த புண்கள், உலரவிட்ட புண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரைவில் தோல் மூடின. உலர்ந்த பொருக்கு வழியை மறிப்பதால், தோலணுக்கள் அதன் அடியில் ஈரம் தேடிச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

வலியும் இந்தப் பாதுகாப்பில் ஓர் உத்தியோகஸ்தனே. நம் கொல்லிமலையில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்ற எங்கும் பரவிய எண்ணத்தை ஆராயப் புகுந்து, அவ்விரல்கள் தேய்வது உணர்ச்சியற்றுப் போனதால் ஓயாமல் படும் காயங்களாலேயே என்று கண்டார். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாலும், ஆணி தைத்த செருப்போடு நாளெல்லாம் நடந்தாலும் அவர்களுக்கு வலிப்பதில்லை. வலிக்காததால் அந்த உறுப்புக்கு ஓய்வு கிடைப்பதில்லை. சதை ஆறும் சக்தி அவர்களுக்கு இருந்தது. ஆறவிடும் எச்சரிக்கைதான் இல்லை. நீரிழிவு முற்றிக் கால் மரத்துப்போனவர்களின் நிலையும் இதுவே. அவர்கள் தினமும் இரவு பாதத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது, இழந்துபோன வலிக்குப் பதிலாகக் கண்ணைக் காவல் வைப்பதாகும்.

உடம்புக்கு நினைவாற்றலும் உண்டு. 1846-இல் வட அட்லாண்டிக் கடலின் பேரோ தீவுகளில் தட்டம்மை புகுந்து, ஏறக்குறைய 7,800 பேரில் 6,000-க்கு மேற்பட்டவர்களைத் தாக்கியது. அதை ஆராயச் சென்ற பீட்டர் பேனம் என்னும் இளம் டேனிஷ் வைத்தியர் கண்ட விந்தை என்னவெனில், 1781-இல் வந்த முந்திய கொள்ளையில் குழந்தைகளாய் நோயுற்று மீண்ட கிழவர்கள், அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் தீண்டாமல் உலவினார்கள். ஒருமுறை கண்ட பகைவனின் அங்க அடையாளத்தைக் குறித்துவைக்கும் நிணநீர் அணுக்களின் வேலை அது. ஆனால் இந்த நினைவாற்றலும் தோற்கும் இடம் ஒன்றுண்டு. மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் ரணஜன்னிக் கிருமியின் விஷம், உடம்பு அதை இன்னதென்று கற்றுக்கொள்வதற்குப் போதாத அற்ப அளவிலேயே உயிரைக் குடித்துவிடக்கூடியது. நோய்வாய்ப்பட்டுப் பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. வீரியம் நீக்கிய அவ்விஷத்தையே தடுப்பூசியாகக் கொடுத்து முன்கூட்டிப் பாடம் கற்பித்தாலன்றி உடம்புக்கு அங்கே வேறு கதியில்லை. தானே ஆறும் என்ற பேச்சுக்கு இது ஒரு விலக்கு.

இத்தனைக்கும் பிறகு எஞ்சுவது தழும்பு. பல்லி தன் வாலை மீண்டும் வளர்த்துக்கொள்கிறது. நம் கல்லீரல்கூட மூன்றில் இரண்டு பங்கை இழந்தாலும் பழைய பருமனுக்கு வளர்ந்துவிடும். தோல் மாத்திரம் ஆழமான வெட்டை அவசரத் தையலால் இழுத்து மூடிவிடுகிறது. தழும்பில் மயிர் முளைக்காது, வியர்வை சுரக்காது, மூன்று மாதம் கழிந்தும் அதன் வலிமை பழைய தோலின் வலிமையில் நூற்றுக்கு எண்பதைத் தாண்டுவதில்லை. போகட்டும், அந்த எண்பதாவது நிலைத்த சொத்தா என்றால், அதுவும் இல்லை.

1740-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஆன்ஸன் தளபதியின் கப்பற்படையில், பல மாதம் பசுங்காயும் கனியும் காணாமல் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் மாண்டார்கள். அவர்களுள் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பாய்ன் நதிக்கரைப் போரில் வெட்டுண்டு, சில நாளில் ஆறி, அரை நூற்றாண்டு சுகமாயிருந்தவர். நோய் முற்றியபோது அந்தப் பழைய புண்கள், என்றுமே ஆறாதவை போல் வாய் திறந்தன. கப்பலின் பாதிரியார் ரிச்சர்ட் வால்டர் அந்தப் பயணத்தின் வரலாற்றில் இதைப் பதிந்திருக்கிறார். அதன் காரணத்தை விளங்கவைத்தது இருபதாம் நூற்றாண்டு. தழும்பின் கொலாஜன் நார் இடையறாது கரைந்துகொண்டும் புதிதாய் நெய்யப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. நெய்வதற்கு வைட்டமின் ஸி வேண்டும். அது அற்றுப்போனால் கரைவது மட்டும் தொடர்கிறது. அமெரிக்கச் சத்திர சிகிச்சையாளர் ஜான் கிராண்டன் இதைத் தம் உடம்பிலேயே பரீட்சித்தார். அந்தச் சத்தில்லாத உணவையே உண்டு, மூன்றாம் மாதம் தம் முதுகில் வெட்டிக்கொண்ட புண் வழக்கம்போல் ஆறியது. ஆறாம் மாதம் வெட்டியது உள்ளே கூடவில்லை. வைட்டமினை ஏற்றிய பத்து நாளில் கூடிவிட்டது. அம்முடிவுகள் 1940-இல் வெளியாயின.

ஆட்டுக்கும் நாய்க்கும் இந்த வைட்டமின் தத்தம் உடம்பிலேயே உண்டாகிறது. மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கரும்பு வெட்டப்போய் நான் தேடிக்கொண்ட வடு என் சுட்டுவிரலில் இன்னும் வெள்ளைக் கீற்றாகத் தெரிகிறது. அது என்றோ ஆறிவிட்டது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அன்றாடம் அது ஆறிக்கொண்டிருக்கிறது என்பதை இப்போது அறிவேன். ஆகவே வாசகர்களுக்குச் சொல்லத்தக்கது சுருக்கமே: புண்பட்டால் நல்ல தண்ணீராலும் சோப்பாலும் கழுவுங்கள், கைக்கு அகப்பட்டதை அப்பாதீர்கள், ரணஜன்னித் தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள், நெல்லிக்காயும் கொய்யாவும் கிடைக்கும் காலத்தில் அவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும்.